நிழலுக்குக் கட்டணம்

வரி கேட்டுப் போற ஆளுக்கு ஆரும் பாயாசம் தாறேல்லை, பிள்ளையள். நாயை அவிட்டு விடாமல் இருந்தாலே பெரிய காரியம். நீங்கள் இந்த வேலைக்குப் புதுசா வந்திருக்கிறியள். கழுத்திலை அட்டை தொங்குது, கையிலை சின்ன மெசின், தட்டினவுடனை துண்டு வருது. என்னட்டை இருந்தது ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகமும் கரியல் ஆடுற ஒரு லேடீஸ் சைக்கிளும்தான். என்ர பதவிக்கு வருமானப் பரிசோதகர் எண்டு பெரிய பேர். ஊரிலை எல்லாருக்கும் நான் வரிக்கார அக்கா. நான் வாறதைக் கண்டால் வீட்டுக்காரர் குசினிப் பக்கத்தாலை போயிடுவினம்.

உங்கட பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, பிள்ளையளுக்கு உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ" எண்டு கேட்டார். கணக்குப் போடுறது எப்பிடி எண்டு நான் சொல்லப் போறேல்லை. அது ஒரு கிழமையிலை பழகிடும். சட்டம் வேணுமெண்டால் அலுமாரியிலை புத்தகமாய் இருக்கு, எடுத்து வாசியுங்கோ. நான் சொல்லப் போறது ஒரு தடியின்ர கதை. சிரியாதேங்கோ. வேலிக்கு நடுற சாதாரண முள்முருக்கந் தடி. அதாலை ஒரு கலியாணம் நிண்டுபோகப் பாத்தது, ஒரு மனுசியின்ர சோறு போகப் பாத்தது.

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி அது. கிளிநொச்சிச் சனம் இன்னும் இடம்பெயரேல்லை. ஆனால் சாமான் வாறேல்லை, பெற்றோலை மருந்து மாதிரிப் போத்திலிலை வாங்கிற காலம். எங்கட பிரதேச சபைச் செயலாளர் மண்ணெண்ணெயிலை ஓடுற மோட்டச்சைக்கிளிலை வருவார். அவர் வர முதல் புகை வந்து சேரும். சபையின்ர உழவு யந்திரம் டீசலில்லாமல் வாகனக் கொட்டகையிலை கிடந்தது, அதுக்குள்ளை கோழி முட்டையிட்டது. வீதி துப்புரவாக்கவே வழியில்லை. இந்த லட்சணத்திலை பூங்கா பராமரிக்கிறது எங்கை?

உருத்திரபுரத்துப் பக்கம் ஒரு வாய்க்கால் வீதி. ரெண்டு பக்கமும் வயல்காரர். குடியேற்றத் திட்டத்திலை யாழ்ப்பாணத்திலையிருந்து வந்து, காடு வெட்டி, நெல் விதைச்சு, கல்வீடு கட்டின குடும்பங்கள். வீதியின்ர நடுவிலை ஒரு பொதுக்காணி. திட்டம் போட்டவை ஊர்த்தேவைக்கெண்டு விட்டது. வாகை, வேம்பு, மருது எண்டு நல்ல நிழல் மரங்கள், இருக்க ரெண்டு சீமெந்து வாங்கு, பிள்ளையளுக்கு ஒரு ஊஞ்சல். வயலாலை வாற ஆக்கள் அதிலை தான் களையாறுவினம். அந்த வருசம் மழை பொய்ச்சுப் போச்சு. இளமரங்கள் வாடத் தொடங்கிற்று, புல்லு இடுப்பளவுக்கு வளந்து காய்ஞ்சு நிண்டது. பள்ளிக்கூடத்தாலை வந்த ஒரு பெட்டையைப் பாம்பு கடிச்சுப் போட்டுது. பிள்ளை பிழைச்சிட்டுது, ஆனால் வீதிக்காரருக்குப் பயம் பிடிச்சிட்டுது. சபைக்கு வந்து, காணியைப் பராமரிச்சுத் தாங்கோ எண்டு கேட்டவை.

செயலாளர் ஒளிக்காமல் சொன்னார். "சபையிட்டைக் காசில்லை. மாதம் மாதம் ஒவ்வொரு வீடும் ஒரு சின்னக் கட்டணம் தாருங்கோ. அந்தக் காசை வேறை ஒண்டுக்கும் தொடமாட்டன். புல்லு வெட்ட, தண்ணி விட ஒரு ஆளைப் போட்டுத் தாறன்." வீதிக்காரர் கூடிக் கதைச்சு ஓம் எண்டினம். அறவிடுற வேலை என்ர தலையிலை.

அந்த வேலைக்கு வந்தவதான் பாக்கியம். வீதி முடிஞ்சு தண்ணி நிக்காத கிரவல் மண் தொடங்கிற இடத்திலை, மலைநாட்டிலையிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த ஏழெட்டுக் குடும்பங்கள் கொட்டில் போட்டிருந்தவை. வந்து கனகாலம். வீதிக்காரற்றை வயலிலை கூலிக்கு நாத்து நடுறது அவைதான், நெல்லு விளைய அருவி வெட்டுறது அவைதான். காணிப் பத்திரம் இல்லை. அதாலை எங்கட கணக்கிலை அவை இல்லை. கட்டணம் கேக்கேக்கை நான் கடைசிக் கல்வீட்டோட சைக்கிளைத் திருப்பிப்போடுவன். அப்ப அது எனக்கு ஒரு பிழையாயும் தெரியேல்லை, சட்டம் அப்பிடித்தானே.

பாக்கியத்துக்கு அப்ப நாற்பது வயசிருக்கும். புருசன் செத்துப்போச்சு, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். வாய்க்காலிலை தண்ணி மொண்டு, ரெண்டு கையிலையும் வாளி தூக்கி, ஒவ்வொரு மரத்துக்கும் பாத்தி கட்டி ஊத்துவா. புல்லெல்லாம் செருக்கி, காணி அப்பிடியே கோயில் வீதி மாதிரி வந்திட்டுது. ஆனால் அவா அந்த வீதியிலை ஒருத்தரோடையும் வாய் திறந்து கதைச்சதை நான் காணேல்லை. ஆரும் வந்தால் ஒரு பக்கமா ஒதுங்கி நிப்பா. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி.

வீதிக் குழுவுக்குத் தலைவர் வைத்திலிங்கண்ணை. நல்ல மனுசன், ஆனால் கறார். கட்டணத்தை முதல் ஆளாக் கட்டிப்போட்டு, கட்டாத வீட்டுக்காரனைக் கோயிலிலை வைச்சுக் கேப்பார். அவர் இல்லாட்டி அந்தத் திட்டம் ரெண்டு மாதமும் ஓடியிராது. இதை நான் இப்பவே சொல்லிப்போடுறன், பிறகு அவரை வில்லன் ஆக்கிப்போடாதேங்கோ.

ஒருநாள் காலமை நான் சபைக் கந்தோருக்குள்ளை காலடி வைக்க முதல் வைத்திலிங்கண்ணை வாசலிலை நிக்கிறார். முகம் சிவந்து கிடக்கு.

"பிள்ளை, பொதுக்காணியிலை கதியால் போட்டாச்சு!"

"ஆரண்ணை போட்டது?"

"ஆர் போடுறது? கடைசியிலை இருக்கிறவைதான். முள்முருக்கந் தடி ஒண்டு. இண்டைக்கு ஒரு கதியால், நாளைக்கு நாலு, நாளையிண்டைக்கு வேலி. பிறகு கொட்டில். பிறகு நீங்கள் வந்து, பாவம் ஏழையள் எண்டு சொல்லுவியள்."

கதியாலெண்டால் என்னெண்டு உங்களிலை சில பேருக்குத் தெரியாதாக்கும். வேலிக்கு நடுற பச்சைத் தடி. அது வேர்விட்டு மரமாய் நிக்கும். யாழ்ப்பாணத்திலை ஒரு கதியாலை அரை முழம் தள்ளி நட்டதாலை அண்ணன் தம்பி சாகும்வரை முகம் பாக்காமல் போயிருக்கினம். வைத்திலிங்கண்ணையின்ர தேப்பன் அப்பிடி ஒரு வழக்கிலை இருந்த காணியைத் துலைச்சுப்போட்டுத்தான் வன்னிக்கு வந்தவராம். அந்த ஆள் ஒத்தைக் கதியாலைக் கண்டால் சபைக்கு ஓடி வராமல் என்ன செய்வார்?

"இண்டைக்குப் பின்னேரம் வீதிக் கூட்டம்" எண்டார். "கூட்டத்துக்கு நாங்கள் வரேக்கை அந்தத் தடி நிக்கக் கூடாது. நிண்டால் நான் எல்லாற்றை முன்னாலையும் பிடுங்குவன். இந்த மாதம் தொட்டு ஒரு வீடும் ஒரு சதமும் கட்டாது. கட்டணம் கட்டி நாங்கள் ஏன் மற்றவைக்குக் காணி வளக்கவேணும்?"

சொல்லிப்போட்டுப் போயிட்டார். நான் செயலாளரிட்டை ஓடினன். அவர் மோட்டச்சைக்கிளின்ர கரியைத் துடைச்சுக்கொண்டு கேட்டார்.

"நீ போய்ப் பாத்தனியோ?"

"இல்லை ஐயா."

"பிறகேன் இஞ்சை வந்து மூச்சு வாங்கிறாய்? போய்ப் பார். கட்டணம் நிண்டால் மரம் சாகும், அந்த மனுசியின்ர சோறும் போகும். ரெண்டும் நடக்கக் கூடாது. அவங்கள் கேக்கிறதிலையும் நியாயம் இருக்கு, அவங்களையும் பகைக்கக் கூடாது."

"எல்லாம் எப்பிடி ஐயா ஒண்டா முடியும்?"

"அதுக்குத்தானே உனக்குச் சம்பளம் தருது அரசாங்கம்."

அந்தாளுக்கு எப்பவும் நக்கல். எனக்குக் கண்ணிலை தண்ணி வந்திட்டுது. ஆனால் இண்டைக்கும் சொல்லுறன், என்னை நம்பி அனுப்பின மாதிரி அதுக்குப் பிறகு ஒரு மேலதிகாரியும் என்னை அனுப்பேல்லை.

உச்சி வெய்யிலுக்குள்ளை சைக்கிள் உழக்கிப் போனனான். காணியின்ர வடகிழக்கு மூலையிலை, வாகை மரத்துக்குத் தள்ளி, தடி நிண்டது. என்ர இடுப்பளவு உயரம். நுனியிலை காயாமல் இருக்கச் சாணம் அப்பியிருந்தது. கதியாலேதான், சந்தேகமே இல்லை. எனக்குப் பாக்கியத்திலை கோவமெண்டால் கோவம். வேலை எடுத்துக் குடுத்தது நான். மாதம் மாதம் சம்பளத்தை நேரத்துக்குக் குடுக்க வீடு வீடா நாய்க்கடி வாங்கிறது நான். இவா எனக்கே இப்பிடிச் செய்து போட்டாவே எண்டு, சைக்கிளைச் சரிச்சுப்போட்டு, குனிஞ்சு தடியைப் பிடிச்சன். பின்னேரம் வரை ஏன் இருக்கவேணும், இப்பவே பிடுங்கிப்போட்டுப் போவம், கதை முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

மண் ஈரமாய் இருந்தது. அடியிலை பிடி கிடைக்கட்டும் எண்டு மண்ணைக் கொஞ்சம் விலத்தினன். கை மஞ்சளாய் வந்தது.

மஞ்சள் பூசி, மஞ்சள் நூல் சுத்தி, குங்குமம் வைச்சு, அதுக்கு மேலை மண்ணைப் போட்டு மூடியிருந்தது. நானும் கலியாணம் முடிச்ச பொம்பிளைதானே. என்ர வீட்டு முத்தத்திலை, தாலிக்குப் பொன்னுருக்கின அண்டைக்கு, அப்பா நட்டதும் இதே முள்முருக்குத்தான். பந்தல் போட முதல் நடுற கன்னிக்கால். அது துளிர்த்து வந்தால் கலியாணம் தழைக்கும் எண்டு அம்மா நாளும் பொழுதும் தண்ணி விட்டவா. நான் தடியிலையிருந்து கையை எடுத்துப்போட்டன். 

திரும்பிப் பாத்தால் பாக்கியம் ரெண்டு வாளியோட நிக்கிறா. 

"மிஸ், புடுங்கிறாதீங்க மிஸ்."

"ஆருக்குக் கலியாணம்?"

"சின்னவளுக்குங்க. வர்ற வெள்ளிக்கெழம. தருமபுரத்துப் பையன். நல்ல பையன் மிஸ்."

"அதுக்கு உங்கட வீட்டு வளவுக்கை எல்லோ நடவேணும்? இஞ்சை ஏன் கொண்டுவந்து நட்டனீங்கள்? அதுவும் ஒளிச்சு!"

அவா வாளியைக் கீழை வைச்சிட்டு நிலத்திலை குந்தினா. பிறகு மெல்லச் சொன்னா. மூத்தவளுக்குக் கலியாணம் செய்யேக்கை கொட்டில் வாசலிலைதான் நட்டவையாம். அது கிரவல் மண். குடிக்கவே தண்ணி இல்லாத இடத்திலை தடிக்கு எங்கை தண்ணி? ஒரு கிழமையிலை பட்டுப்போச்சாம். கலியாணம் முடிஞ்சு மூண்டாம் மாதம் மருமகன் வவுனியாவிலை அரிசி ஆலையிலை வேலை எண்டு போனவன், இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லையாம்.

"தடி பட்டுப்போனதுனாலதான் அப்படி ஆச்சுன்னு நா சொல்லலீங்க மிஸ். ஆனா மனசு கேக்க மாட்டேங்குதே. இங்க நா தெனம் தண்ணி ஊத்துற மண்ணு. இங்க நட்டா எதுவும் சாகாதுங்க. எனக்குத் தெரியும். அதான் விடியுறதுக்குள்ள வந்து நட்டுட்டேன். யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு மண்ணப் போட்டு மூடினேன். மூத்தவ கத மாப்பிள்ள வீட்டுக்கு முழுசாத் தெரியாது மிஸ். நீங்க யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

நான் அப்பிடியே சீமெந்து வாங்கிலை போய் இருந்திட்டன். சத்தியமாச் சொல்லுறன், அழுகை வந்தது. பிறகு எரிச்சலும் வந்தது. எனக்கு ஏன் இந்தச் சனியன் பிடிச்ச வேலை எண்டு இருந்தது.

இப்ப நீங்கள் யோசியுங்கோ, என்ன செய்வியள்? தடியைப் பிடுங்கினால் வீதிக்காரருக்குச் சந்தோசம், கட்டணம் வரும், மரம் தப்பும். ஆனால் கலியாணத்துக்கு நட்ட காலைப் பிடுங்கினால் அந்தத் தாய் கலியாணத்தையே நிப்பாட்டிப் போடுவா. பிடுங்காமல் விட்டால் பின்னேரம் வைத்திலிங்கண்ணை பிடுங்குவார். சபைதான் நட்டது எண்டு ஒரு பொய் சொல்லலாம். அதையும் யோசிச்சனான். ஆனால் அதிகாரி சொல்லுற பொய்யை ஊர் ஒரு நாளிலை பிடிச்சிடும், பிறகு நாங்கள் குடுக்கிற துண்டையும் நம்பாது. வைத்திலிங்கண்ணையைத் தனிய கூப்பிட்டு நானே உண்மையைச் சொல்லலாம். அவர் விட்டுக்குடுப்பார். ஆனால் அது இரக்கப்பட்டு விட்டுக்குடுக்கிறது. பிறகு காலம் முழுக்கப் பாக்கியம் அவருக்கு முன்னாலை இன்னும் கூனித்தான் நடப்பா.

"பாக்கியம், வீதியிலை ஒருத்தருக்கும் கலியாணம் சொன்னனீங்களோ?"

அவா என்னை விசர் பிடிச்ச ஆளைப் பாக்கிற மாதிரிப் பாத்தா.

"அய்யோ மிஸ், அவங்க வீட்டுக்கெல்லாம் நாங்க எப்படிப் போயி..."

"ஏன், கால் இருக்குத்தானே? நாத்து நட அவையின்ர வயலுக்குப் போறியள், கலியாணம் சொல்ல வாசலுக்குப் போகேலாதோ?"

"வர மாட்டாங்க மிஸ்."

"வராட்டிப் போகட்டும். சொல்லுறது உங்கட வேலை, வாறதும் வராததும் அவையின்ர வேலை. பின்னேரம் முழு வீதியும் இதிலை நிக்கும். வீடு வீடா ஏறத் தேவையில்லை. வெத்திலைத் தட்டம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

"என்னையத் திட்டத்தானே மிஸ் கூடுறாங்க?"

"ஓம். திட்ட முந்திச் சொல்லிப்போடுங்கோ. மூத்தவளின்ர கதையை நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. இந்த மண்ணிலை தண்ணி இருக்கு, அதாலை நட்டனான் எண்டு சொன்னால் போதும். அதுவும் உண்மைதானே."

அவா வருவாவோ மாட்டாவோ எண்டு எனக்குத் தெரியாது. கட்டாயப்படுத்தவும் ஏலாது. பின்னேரம் வெய்யில் தாழ வீதிக்காரர் ஒவ்வொருத்தரா வந்து மரத்தடியிலை நிண்டினம். பொம்பிளையள் ஒரு பக்கம். வைத்திலிங்கண்ணை தடிக்குப் பக்கத்திலை போய், நிலம் பறிபோறது எப்பிடி எண்டு தேப்பன்ர வழக்கிலையிருந்து தொடங்கினார். நான் வீதியின்ர கடைசியைப் பாத்துக்கொண்டு நிண்டன். அவர் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போன இடத்திலை பாக்கியம் வாறது தெரிஞ்சுது.

இருந்த ஒரேயொரு நல்ல சீலையை உடுத்தியிருந்தா. கையிலை பித்தளைத் தட்டம், ஆரிட்டையோ இரவல். வெத்திலை, பாக்கு, குங்குமம்.  கூட்டத்துக்கு முன்னாலை வந்து நிண்டா. வாய் வரேல்லை.

வைத்திலிங்கண்ணை கதையை நிப்பாட்டினார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தினம். பிள்ளையள், இதைக் கவனமாக் கேளுங்கோ. அந்த நேரம் நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் எல்லாம் முடிஞ்சிருக்கும். "இவா கலியாணம் சொல்ல வந்திருக்கிறா" எண்டு சொல்ல நாக்கு துடிச்சுது. ஆனால் சபைக்காரி வாயைத் திறந்தால் அது சபையின்ர கட்டளை. கட்டளைக்குப் பயந்து தட்டத்தைத் தொட்டால் அது கலியாணம் சொன்னதாகுமோ? நான் உதட்டைக் கடிச்சுக்கொண்டு நிண்டன். என்ர முழு வேலைக்காலத்திலையும் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

"ஐயா" எண்டா பாக்கியம். தட்டத்தை முன்னுக்கு நீட்டினா. பிறகும் சொன்னா. "ஐயா, வர்ற வெள்ளிக்கெழம எங்க சின்னவளுக்குக் கல்யாணம். எல்லாரும் வந்து ஆசீர்வாதம் பண்ணணும். முகூர்த்தக்கால இங்கதான் நட்டிருக்கேன். எங்க மண்ணுல தண்ணி இல்லீங்க, வேர் புடிக்காது. இங்கன்னா புடிக்கும். வேற ஒண்ணும் இல்லீங்க. மன்னிச்சுக்குங்க."



"என்ன கால்?" எண்டு பின்னாலை ஒருத்தர் கேட்டார்.

"கன்னிக்காலப்பா! எங்கடை கன்னிக்காலை அவை அப்பிடிச் சொல்லுறவை!" எண்டு சொல்லிக்கொண்டு பூமணி அக்கா முன்னுக்கு வந்தா. பூமணி அக்கா வைத்திலிங்கண்ணையின்ர மனுசி. வந்தவா தட்டத்திலை குங்குமத்தைத் தொட்டு நெத்தியிலை வைச்சா. "ஏன் பிள்ளை எனக்கு முந்தியே சொல்லேல்லை? சின்னவள் எண்டால், எங்கட வயலிலை உன்னோட நாத்து நட வாற அந்த நெடுவல் பெட்டையோ? உவளுக்கோ கலியாணம்!"

இப்ப எல்லாற்றை கண்ணும் வைத்திலிங்கண்ணையிலை. மனுசன் தடியைப் பாத்தார், தட்டத்தைப் பாத்தார். முகம் இன்னும் சிவந்துதான் கிடந்தது.

"கன்னிக்காலெண்டால் ஏன் மொட்டைத் தடியா நிக்குது?" எண்டு அதட்டினார். "மாவிலை எங்கை? துணி எங்கை? நவதானியம் போட்டு நட்டதோ? முதல் தண்ணி சுமங்கலியள் எல்லோ விடவேணும்! ஒரு முறை ஒழுங்கு வேண்டாமோ? உப்பிடியே ஒரு கன்னிக்காலை நடுறது?"

"பயந்துகிட்டுத்தாங்க ஐயா..."

"ஆருக்குப் பயந்து?"

பாக்கியம் நிலத்தைப் பாத்தா.  வைத்திலிங்கண்ணைக்கே அது விளங்கிறதைக் கண்ணாலை கண்டனான். மனுசன்ர தோள் கீழை இறங்கிச்சுது. சால்வையை எடுத்து முகத்தைத் துடைச்சார், வெய்யில் இல்லாத நேரத்திலை. பிறகு கிட்டப் போய் ரெண்டு கையாலையும் தட்டத்தைத் தொட்டு ஒரு வெத்திலையை எடுத்தார்.

எனக்கு அப்பதான் மூச்சு வந்தது. அந்த மூச்சை விட முதல் மனுசன் என்ர பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இது வீதிக்காரற்றை காணி. நாங்கள் கட்டணம் கட்டிற காணி. வீதிக்காரர் இல்லாத ஆக்கள் இதிலை ஒண்டும் நட ஏலாது. கன்னிக்காலும் நட ஏலாது."

போச்சுது எண்டு நினைச்சன்.

"அதாலை இவையின்ர வீட்டையும் கட்டணத்திலை சேருங்கோ. கடைசியிலை இருக்கிற எல்லா வீட்டையும். எங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு. ஒரு சதம் குறைச்சீங்களோ, நான் வழக்குப் போடுவன்."

வைத்திலிங்கண்ணை வழக்குப் போடுவன் எண்டதும் அந்தக் கூட்டத்திலை முதல் தரமா ஒரு சிரிப்புக் கிளம்பிச்சுது. ஆனால் எல்லாரும் சிரிக்கேல்லை. ரெண்டு மூண்டு பேர் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு போனவை. பத்திரம் இல்லாத ஆக்களிட்டை எப்பிடிக் கட்டணம் எடுக்கிறது எண்டு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. நாளைக்கு மறுமொழி சொல்லுறன் எண்டிட்டு வந்தன். தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லப் பழகுங்கோ, வெக்கமில்லை.

செயலாளர் முழுக்கக் கேட்டார். இடையிலை ஒரு நக்கலும் அடிக்கேல்லை. கடைசியிலை கேட்டார்.

"அங்கை வீடு இருக்கோ?"

"கொட்டில் ஐயா."

"ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்கினம்."

"நாங்கள் அறவிடுறது காணிக்கோ, மரத்தைப் பராமரிக்கிறதுக்கோ?"

"மரத்துக்கு."

"மர நிழல் பத்திரம் பாத்தோ விழுது? போய்த் துண்டைப் போடு. ஆரும் கேட்டால் நான் மறுமொழி சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை கலியாணம் நடந்தது. வீதியிலை பாதி வீட்டுக்காரர் வந்தவை, மற்றவை வரேல்லை. வைத்திலிங்கண்ணை முதல் நாளே வந்து, தடிக்கு மாவிலை கட்டி, மஞ்சள் துணி சுத்தி, பூமணி அக்காவைக் கொண்டு தண்ணி விடுவிச்சு, ஐயருக்கே முறை சொல்லிக் குடுத்து எல்லாரையும் அரியண்டப்படுத்தினாராம். அந்தச் சின்னவள் தாலியோட வந்து தடியைச் சுத்திக் கும்பிடேக்கை கணுவிலை ரெண்டு பச்சை முளை தெரிஞ்சுது. பாக்கியம் அதைப் பாத்து, சீலைத் தலைப்பை வாயிலை பொத்திக்கொண்டு நிண்டா. நானும் அழுதனான். கலியாண வீட்டிலை அழுதால் ஆர் கேக்கிறது?

அடுத்த மாதம் கட்டணம் எடுக்கப் போனன். முதல் தரமா கடைசிக் கல்வீட்டைத் தாண்டிச் சைக்கிளை விட்டன். கிரவல் ஒழுங்கை, சில்லு வழுக்குது. பாக்கியம் வாசலிலை தலை வாரி இழுத்து, திருநீறு பூசி நிக்கிறா. காலமையிலையிருந்து காத்துக்கொண்டு நிண்டவாவாம். கையிலை காசு பொத்திப் பிடிச்சபடி.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாக்கியம், இந்தக் கட்டணத்திலையிருந்துதானே உங்களுக்குச் சம்பளம். இதை நான் சம்பளத்திலையே கழிச்சுப்போட்டு மிச்சத்தைத் தாறனே, வேலை லேசு."

"வேணாம் மிஸ்" எண்டு டக்கெண்டு சொன்னா. "கழிச்சா யாருக்குத் தெரியும்? நா என் கையால குடுக்கணும்."

குடுத்தா. நான் துண்டு எழுதினன். பேரை வாசிச்சுக் காட்டச் சொன்னா, வாசிச்சன். இன்னொருக்கா வாசிக்கச் சொன்னா. வாசிச்சன். வீடு வீடாக் கட்டணம் கேட்டுப் போற வேலையிலை, என்னை ஒரு ஆள் காத்து நிண்டு வரவேற்றது அண்டைக்குத்தான்.

பிறகு அவா வேலைக்கு வெளிக்கிட, நானும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே பொதுக்காணி மட்டும் நடந்தன். கிட்ட வரேக்கை கண்டம், வைத்திலிங்கண்ணையின்ர நாம்பன் மாடு ஒண்டு இளமருதிலை கட்டிக் கிடக்குது. கயித்தை இழுத்து இழுத்துப் பட்டை ஒரு சாண் உரிஞ்சு போச்சு. எனக்குச் சொல்ல வாய் எடுக்கவும் நேரம் கிடைக்கேல்லை.

பாக்கியம் வாளியை நிலத்திலை வைச்சா. வைத்திலிங்கண்ணையின்ர படலையைப் பாத்து, முழு வீதிக்கும் கேக்கக் கத்தினா.

"ஐயா! மாட்ட அவுத்து விடுங்க! பட்ட உரியுது! நாங்களும் காசு கட்டுறோம்ல!"

அந்தக் குரலை நான் அதுக்கு முதல் கேட்டதில்லை. அவாவும் கேட்டிருக்கமாட்டா. கத்தின கையோட பயந்துபோய் என்னைப் பாத்தா. நான் வாய்க்காலிலை ஏதோ பாக்கிற மாதிரி மற்றப் பக்கம் திரும்பி நிண்டன்.

படலை திறந்தது. வைத்திலிங்கண்ணை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வந்தார். மரத்தைப் பாத்தார், பாக்கியத்தைப் பாத்தார்.

"ஓம், ஓம், அவிட்டு விடுறன்" எண்டார். அவிட்டுக்கொண்டு போனார்.